முப்பதுக்கு மேல கெம்பஸ்: மலையகத்து ஆளுங்க எங்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகள்

நான் ஏ.எல் (ஸ்கூல் கடைசிப் பரீட்சை, உயர்தரம்) எழுதி பதினோரு வருசம் கழிச்சு வெளிவாரியா, அதாவது வீட்டுல இருந்தே, டிகிரி படிக்க ஆரம்பிச்ச ஆளு. மூணு வருசத்துல முடிக்க வேண்டியத ஏழு வருசத்துல முடிச்சேன், நடுவுல ரெண்டு பிள்ளை, தையல் கடை வேலை, ஒரு தடவை வீட்டுக்குப் பின்னால மண்சரிவு. அதுல இருந்து ஹட்டன் பஸ்ல, கோயில்ல, ஏன் சாவு வீட்டுல கூட யாராவது பக்கத்துல வந்து உட்கார்ந்து "அக்கா ஒரு விசயம் கேக்கணும்"னு ஆரம்பிச்சா இதுல ஒண்ணாதான் இருக்கும். அதான் எழுதியே வச்சுட்டேன். கேள்விய அவங்கவங்க கேட்ட மாதிரியே போட்டிருக்கேன்.

"கெம்பஸ்னா ஏ.எல் பாஸாகி உடனே போற பிள்ளைங்களுக்குதானே, நமக்கு அங்க என்ன வேலை?"

உடனே போறது ஒரு வாசல், அவ்வளவுதான். அந்த வாசல்ல இடம் குறைச்சல், அதனால எல்லாரும் அதையே பார்த்துக்கிட்டு நிக்குறதால மத்த வாசல் கண்ணுல படல. வேலை செஞ்சுக்கிட்டே வெளிவாரியா எழுதுற டிகிரி, திறந்த பல்கலைக்கழகம், சின்னச் சின்ன சான்றிதழ் படிப்பு, டிகிரி முடிச்சவங்களுக்கு பட்டப்பின் டிப்ளோமா, இது எல்லாமே பல்கலைக்கழகம் செய்யுற வேலைதான். யாரும் நமக்கு பிச்சை போடல.

இன்னொரு கதை சொல்றேன், இது நிறைய பேருக்கு தெரியாது. நம்ம நாட்டுல 1921ல கொழும்புல யுனிவர்சிட்டி கொலேஜ் தொடங்கினாங்க, ஆனா அதுக்கு சொந்தமா பட்டம் கொடுக்க அதிகாரம் இல்ல. அங்க படிச்ச பெரிய வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் லண்டன் யுனிவர்சிட்டிக்கு வெளிவாரியா பரீட்சை எழுதிதான் பட்டம் வாங்கினாங்க. 1942ல இலங்கைப் பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் சொந்தப் பட்டம், அது பேராதனைக்கு இடம் மாறினது அதுக்கும் பிறகு. லண்டன்ல அந்த ஏற்பாடு 1858லயே வந்துடுச்சு, எங்க படிச்சாலும் பரவாயில்ல, வந்து பரீட்சைய எழுதுனு. ஆக "வெளியில இருந்து படிக்கிறது" நமக்காக புதுசா கண்டுபிடிச்ச ரெண்டாந்தர வழி கிடையாது.

"உள்வாரி வெளிவாரி திறந்தனு மூணு சொல்றாங்க, என்னதான் வித்தியாசம்?"

உள்வாரினா இசட் ஸ்கோர் (ஏ.எல் புள்ளிய தரப்படுத்தி எடுக்கிற கணக்கு) பார்த்து பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு எடுக்கிறது. முழுநேரம், பாடத்துக்கு காசு இல்ல. வெளிவாரினா அதே பல்கலைக்கழகத்துல பதிஞ்சு, வீட்டுல இருந்து படிச்சு பரீட்சை எழுதுறது. பேராதனையில இருக்கு, யாழ்ப்பாணத்துல இருக்கு, கிழக்குலயும் இருக்கு. இசட் ஸ்கோர் பார்க்க மாட்டாங்க, ஏ.எல்ல மூணு பாடம் பாஸ் இருக்கணும். படிப்ப சொல்லிக் கொடுக்கிறது ரொம்பக் குறைவு, பாடத்திட்டத்த கையில கொடுத்துட்டு "போய் வாங்க"னு சொல்ற மாதிரிதான்.

திறந்த பல்கலைக்கழகம் 1980ல வந்தது, தலைமை இடம் நாவலை. அது தொலைவுல இருந்து படிக்கிறவங்களுக்காகவே கட்டின பல்கலைக்கழகம், அதனால புத்தகத்தையே தனியா படிக்கிறவனுக்கு விளங்குற மாதிரி எழுதியிருப்பாங்க, நடுநடுவே அசைன்மென்ட், சனி ஞாயிறுல டே ஸ்கூல், அதாவது நேர்ல போய் உட்காருற வகுப்பு. காசு வெளிவாரிய விட கூட. கை பிடிச்சு கூட்டிட்டு போக ஒரு ஆள் வேணும்னா திறந்த பல்கலைக்கழகம், தானா ஓடுற ஆளுனா வெளிவாரி. நான் ரெண்டாவது ரகம்னு நினைச்சு போனேன், இல்லைனு பிறகுதான் தெரிஞ்சுது.

"எனக்கு 43 தங்கச்சி. வயசு லிமிட் ஏதும் இருக்கா?"

மேல் வரம்பு இல்ல. அரசாங்க வேலைக்கு ஆள் எடுக்கிறப்பதான் வயசு பார்ப்பாங்க, அத இதோட போட்டு குழப்பிக்காதீங்க. நான் பரீட்சை எழுதின மண்டபத்துல எனக்கு முன்னால இருந்த ஆளுக்கு முடி பூரா வெள்ளை, மேற்பார்வையாளரு அவர சேர்னு நினைச்சு எழுந்து நின்னுட்டாரு.

"ஓ.எல்லயே கணக்கு பெயில். கதை முடிஞ்சுதாக்கா?"

முடியல. ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, ஓ.எல் (சாதாரண தரம்), ஏ.எல் ரெண்டையும் தனிப்பட்ட பரீட்சார்த்தியா திரும்ப எழுதுறது. ஓ.எல்ல விட்ட பாடத்த மட்டும் எழுதலாம், ஸ்கூல் யூனிபோர்ம் போட வேண்டியதில்ல. பரீட்சைத் திணைக்களம் விண்ணப்பம் கோருற அறிவித்தல் போடும்போது விட்டுடாதீங்க, அது வந்து போறது நம்மாளுங்களுக்கு தெரியுறதே இல்ல.

ரெண்டாவது, திறந்த பல்கலைக்கழகத்துல டிகிரிக்கு கீழ அடிப்படைப் படிப்பு இருக்கு. ஏ.எல் இல்லாதவங்க அத முடிச்சுட்டு அதே துறையில மேல ஏறலாம். எந்த படிப்புக்கு என்ன தகுதி கேக்குறாங்கனு விண்ணப்பத்தோட வர்ற புத்தகத்துல இருக்கும், யாரோ சொன்னத நம்பாம அத நீங்களே வாசிங்க. ஒரு வருசம் கூட போகுமேனு யோசிக்காதீங்க. இருபது வருசம் புத்தகம் தொடாதவங்களுக்கு அந்த ஒரு வருசம்தான் கை எழுத்தே திரும்ப வர்ற காலம்.

"என்னென்ன பேப்பர் ரெடி பண்ணணும்?"

இதுதான் நம்ம ஆளுங்க நிறைய பேர் விழுற இடம், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். கேக்குறது என்னமோ சாதாரணம்தான், அடையாள அட்டை, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், ஏ.எல் சான்றிதழ். பிரச்சினை என்னன்னா மூணுலயும் ஒரே பேரு இருக்காது. தோட்டத்துல பிறந்தப்ப எழுதினவரு காதுல கேட்டத எழுதியிருப்பாரு, அதுவும் சிங்களத்துல. ஸ்கூல்ல சேர்க்கும்போது டீச்சர் இன்னொரு மாதிரி எழுதியிருப்பாங்க, அடையாள அட்டையில இங்கிலிஷ் எழுத்து வேற மாதிரி. அப்பா பேரு ஒரு இடத்துல முன்னால, ஒரு இடத்துல பின்னால, இன்னொரு இடத்துல சாமி பேரு சேர்ந்து வந்திருக்கும். எனக்கு ஒரு எழுத்துதான் வித்தியாசம், அந்த ஒரு எழுத்துக்கு மூணு நாள் வேலை போச்சு.

சின்ன வித்தியாசம்னா சமாதான நீதவான்கிட்ட போய் "இந்த ரெண்டு பேரும் ஒரே ஆள்தான்"னு ஒரு சத்தியக்கடதாசி எடுத்தா அனேகமா ஏத்துக்குவாங்க. பெரிய பிழைனா பிரதேச செயலகத்துல மேலதிக மாவட்டப் பதிவாளர்கிட்ட போய் பிறப்பு பத்திரத்தையே திருத்தணும், அது மாசக்கணக்குல இழுக்கும். அதனால எந்த படிப்புனு முடிவு எடுக்கிறதுக்கு முன்னாலயே இன்னைக்கு ராத்திரி மூணு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு எழுத்துக்கு எழுத்து பாருங்க. பிறகு முக்கியமான ஒண்ணு, படிப்புக்கு பதியும்போது எந்த பேரு கொடுக்கிறீங்களோ அதுதான் கடைசியில பட்டத்துல வரும்.

ஏ.எல் சான்றிதழ் மழையில நனைஞ்சு போச்சு, லயத்துல (தோட்டத்து வரிசை வீட்டுல) நெருப்பு பிடிச்சப்ப போச்சுனு சொல்றவங்களும் இருக்காங்க. பத்தரமுல்லை பெலவத்தையில இருக்கிற பரீட்சைத் திணைக்களத்துல எழுதின வருசமும் சுட்டெண்ணும் கொடுத்தா திரும்ப எடுக்கலாம். சுட்டெண் ஞாபகம் இல்லைனா படிச்ச ஸ்கூல்ல போய் கேளுங்க.

"தமிழ்ல படிக்கலாமா, இல்ல எல்லாம் இங்கிலிஷா?"

கலைப் பாடம், கல்வி சம்பந்தமான பாடம்னா தமிழ்ல படிக்கலாம். யாழ்ப்பாணத்து வெளிவாரியும் தமிழ்ல இருக்கு, பேராதனை கலைப்பீடத்துலயும் தமிழ் மொழிமூலம் இருக்கு. விஞ்ஞானம், என்ஜினியரிங், நர்சிங்னா இங்கிலிஷ்தான், அதுல ஏமாந்துடாதீங்க. விண்ணப்பம் தமிழ்ல இருந்துச்சுனு சேர்ந்துட்டு புத்தகம் இங்கிலிஷ்ல வந்ததும் மூடி வச்சவங்கள எனக்கு தெரியும்.

தமிழ்ல படிச்சாலும் பிறகு மேல போகும்போது இங்கிலிஷ் வந்து வாசல்ல நிக்கும். அதனால டிகிரிக்கு முதல்லயே இங்கிலிஷ் சான்றிதழ் படிப்பு ஒண்ணு செய்ங்கனு எல்லாருக்கும் சொல்றேன். யாரும் கேக்குறதில்ல, நானும் கேக்கல.

"மலைக்கு போயிட்டு வந்து படிக்க நேரம் எங்கக்கா இருக்கு?"

நேரம் இருக்கானு கணக்கு போட்டே பார்க்கலாம். இலங்கை தகைமைச் சட்டகத்துல, அதாவது எந்த படிப்பு எந்த மட்டம்னு நாடு பூரா வகுத்து வச்சதுல, ஒரு கிரெடிட்னா 50 மணி நேரப் படிப்பு. டே ஸ்கூல், வாசிக்கிறது, அசைன்மென்ட், பரீட்சைக்கு தயாராகுறது எல்லாம் அதுக்குள்ள வந்துடும். சாதாரண டிகிரிக்கு 90 கிரெடிட், அதாவது 4500 மணி. வருசத்துக்கு 30 கிரெடிட் எடுத்தா 1500 மணி, வாரத்துக்கு கிட்டத்தட்ட 29 மணி. காலையில பெரட்டுக்கு (தோட்டத்துல ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு) போய் கொழுந்து நிறுத்து முடிச்சு வீட்டுக்கு வந்து சோறாக்குற பொம்பளைக்கு அது நடக்காது, நடக்கும்னு சொல்றவன் சமைச்சதே இல்ல.

பாதி எடுங்க. 15 கிரெடிட்னா வாரத்துக்கு 14, 15 மணி. ஞாயித்துக்கிழமை ஆறு, மிச்ச நாள்ல ஒண்ணரை ஒண்ணரையா. ஆறு வருசம் ஆகும், ஆகட்டுமே, படிச்சாலும் படிக்காட்டியும் அந்த ஆறு வருசம் போகத்தானே போகுது. ஆனா எத்தனை வருசத்துக்குள்ள முடிக்கணும்னு ஒவ்வொரு படிப்புக்கும் ஒரு எல்லை இருக்கு, அத சேரும்போதே கேட்டு எழுதி வச்சுக்கோங்க. கொழுந்து மும்முரமா வர்ற மாசத்துல பெரிய பாடத்த எடுக்காதீங்க. நான் படிச்சது காலையில நாலு மணிக்கு, அடுப்பு பக்கத்துல. குளிருக்கும் அதுதான் நல்லது.

"ஹட்டன்ல இருந்து எவ்வளவு தூரம் போகணும்?"

திறந்த பல்கலைக்கழகத்துக்கு கண்டியில பொல்கொல்லையில நிலையம் இருக்கு, பதுளையிலயும் இருக்கு, ஹட்டன்ல சின்னதா ஒரு கற்கை நிலையம் இருக்கு. ஆனா எல்லா பாடத்துக்கும் எல்லா இடத்துலயும் டே ஸ்கூல் நடக்காது, உங்க பாடத்துக்கு எங்க நடக்குதுனு கேட்டுட்டுதான் நிலையத்த தெரிவு செய்யணும். டே ஸ்கூலுக்கு கட்டாயமா போகணும்னு எல்லா பாடத்துக்கும் இல்ல, லேப் இருக்கிறதுக்கு போயே ஆகணும். அசைன்மென்டயும் இடைப் பரீட்சையையும் விட்டீங்கனா கடைசிப் பரீட்சை எழுதவே விட மாட்டாங்க, அது ஞாபகம் இருக்கட்டும்.

பொகவந்தலாவ, மஸ்கெலியா பக்கம் உள்ளவங்களுக்கு கஷ்டம் தோட்டத்துல இருந்து டவுனுக்கு வர்ற அந்த முதல் துண்டு ரோட்டுலதான். கண்டிக்கு பஸ் இருக்கு, டிவிசன்ல இருந்து விடிய அஞ்சு மணிக்கு கீழ இறங்க ஆட்டோக்கு கொடுக்கிற காசுதான் கூட. ரெண்டு மூணு பேரா சேர்ந்து பதியுங்க, ஆட்டோ காசும் பாதியாகும், இருட்டுல இறங்க பயமும் இருக்காது.

"மொத்தமா காசு எவ்வளவு ஆகும்?"

நம்பர் சொல்ல மாட்டேன், வருசா வருசம் மாறுது, நான் சொன்னத நம்பி சீட்டு எடுத்துட்டு பிறகு என்னைய ஏசுவீங்க. பதிவு, பாடக் கட்டணம், பரீட்சைக் கட்டணம் தனித்தனியா வரும், எல்லாத்தையும் கூட்டி கேளுங்க, தவணையில கட்டலாமானும் கேளுங்க. மேல சொன்ன மாதிரி பாதி பாதியா எடுத்தா அந்தந்த வருசம் எடுக்கிற பாடத்துக்குத்தான் காசு, அது நம்ம கைக்கு அடக்கம். அதோட போட்டோகொப்பி, டேட்டா, பஸ், வெளியில சாப்பாடு, இத யாரும் எழுதுறதில்ல. எனக்கு பாடத்த விட பஸ்ஸுக்குத்தான் கூட போச்சுனு நினைக்கிறேன்.

"வெளிவாரி டிகிரிக்கு மதிப்பே இல்லைனு எங்க மாமா சொல்றாரு"

மாமா டிகிரி வச்சிருக்காரா? சும்மா கேட்டேன். அரசாங்க விளம்பரத்துல அனேகமா "பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரித்த பட்டம்"னு போட்டிருப்பாங்க, அதுக்குள்ள இது வரும். வாத்தியார் வேலைக்கு போய் பிறகு கல்வியில பட்டப்பின் டிப்ளோமா செஞ்சவங்கள்ல வெளிவாரி ஆளுங்க எத்தனையோ பேர். லண்டன் கதைய மேல முதல் பதில்ல சொல்லிட்டேன், மாமாகிட்ட அதையும் சொல்லுங்க.

ஆனா ஒண்ணு உண்மை. வெளிவாரில நோட்ஸ மனப்பாடம் பண்ணி எழுதி பாஸ் பண்ணலாம், நேர்முகத் தேர்வுல அது அஞ்சு நிமிசத்துல வெளியில வந்துடும். குறை இருந்தா அது படிச்ச விதத்துல இருக்கு.

"டவுன்ல ஒரு இடத்துல ஒரே வருசத்துல டிகிரி தர்றாங்களாம், வெளிநாட்டுதாம்"

90 கிரெடிட், 4500 மணினு மேல கணக்கு போட்டோமே, அத ஒரு வருசத்துக்கு வகுத்துப் பாருங்க. லீவே இல்லாம ஒரு நாளைக்கு 12 மணிக்கு மேல வரும். எங்க சொந்தத்துல ஒரு தம்பி இப்படி ஒரு இடத்துல காதுல கிடந்த தோட்ட அடகு வச்சு கட்டினான், அம்மாவோட தோடு. கடைசியில கையில வந்தது பளபளனு ஒரு காகிதம், அத எடுத்துட்டு போன இடத்துல எல்லாம் ஒரு பார்வை பார்த்துட்டு திருப்பிக் கொடுத்துட்டாங்க.

நம்ம நாட்டு நிறுவனம்னா, பட்டம் கொடுக்க அதுக்கு அதிகாரம் இருக்கா, எந்த பட்டத்துக்கு இருக்குனு ரெண்டையும் பார்க்கணும். தனியார்ல சில இடத்துக்கு ஒண்ணு ரெண்டு படிப்புக்கு மட்டும் அனுமதி இருக்கும், மத்ததையும் அதே போர்ட்ல போட்டு விப்பாங்க. வெளிநாட்டுதுனா அந்த பல்கலைக்கழகம் அங்கீகாரம் உள்ளதானு மானியங்கள் ஆணைக்குழுகிட்ட எழுதி கேளுங்க. "பதிஞ்சுட்டு பிறகு காட்டுறோம்"னு சொன்னா செருப்ப மாட்டிக்கிட்டு வெளியில வாங்க.

"இருபது வருசமா பெக்டரியில மெசின் பாக்குறேன், கையில ஒரு சேர்டிபிகேட்டும் இல்ல. இனி முதல்ல இருந்து படிக்கவா?"

வேணாம். தெரிஞ்ச வேலைய தெரியும்னு ஒப்புக்கொண்டு சான்றிதழ் கொடுக்க ஒரு வழி இருக்கு, முன்னறிவை அங்கீகரிக்கிறதுனு பேரு. தொழில் தகைமையில, என்.வி.கியூனு சொல்றதுல, ஏழு மட்டம். கீழ உள்ளது தொழில் சான்றிதழ், அஞ்சும் ஆறும் டிப்ளோமா, ஏழு டிகிரி. நைட்டா (அரசாங்கத்து தொழிற்பயிற்சி அதிகார சபை) மாதிரி இடத்துல பதிஞ்சா மதிப்பீட்டாளர் வந்து நீங்க செய்யுறத பார்ப்பாரு, கேள்வி கேப்பாரு, செஞ்ச வேலைக்கு போட்டோ, கடிதம் எல்லாம் ஒரு பைல்ல சேர்க்கணும். பெக்டரி ஒபிசர்கிட்ட இருந்து ஒரு சேவைக் கடிதம் இப்பவே கேட்டு வாங்குங்க அண்ணே, அவரு மாறிப் போனா அடுத்தவருக்கு உங்கள தெரியாது.

அதுல ஏறிப்போனா ரத்மலானையில தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் இருக்கு, யுனிவோடெக்னு சொல்வாங்க, இந்த ஏணியில வர்றவங்களுக்காகவே 2008 சட்டத்துல உண்டாக்கினது. ஏ.எல் வழிதான் வழினு இருந்த நாட்டுல ஸ்பேனர் பிடிச்ச கைக்கும் டிகிரி வரைக்கும் ஒரு ரோடு போட்டிருக்காங்க, இது எனக்கு உண்மையிலேயே பிடிச்ச விசயம். அந்த ரோடு இருக்குறது நம்ம பெக்டரிகள்ல யாருக்கும் தெரியல, அதான் கோவம்.

"எனக்கு 56ம்மா. வேலைக்கு இல்ல, சும்மா படிக்கணும்னு ஆசை. சிரிப்பாங்களா?"

சிரிப்பாங்க, ஒரு மாசம். பிறகு அவங்க வீட்டுக்கு வர்ற கடிதத்த உங்ககிட்ட கொண்டு வந்து வாசிக்க சொல்வாங்க. இந்த அம்மா கேட்டது ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) போர்ம்ல என்ன எழுதியிருக்குனு தெரியாம இத்தனை வருசம் கையெழுத்து போட்ட கோவத்துல. வாழ்நாள் பூரா கத்துக்கிறதுனு பெரிய மாநாட்டுல எல்லாம் பேசுறது கடைசியில இதுதான்.

இவங்களுக்கு டிகிரி தேவையில்ல. மூணு மாசம் ஆறு மாசத்துல முடியுற சிங்களம், கணினி, வீட்டுத்தோட்டம் மாதிரி படிப்பு போதும். டவுன் லைப்ரரியில உறுப்பினரா சேர்றதும் படிப்புதான்.

"ரெண்டு வருசம் படிச்சுட்டு நடுவுல விட்டுட்டேன். கட்டின காசு போச்சா?"

உங்க பதிவு இன்னும் உயிரோட இருக்கானு முதல்ல பாருங்க. எல்லைக் காலம் முடியலைனா நிலுவைய கட்டி தொடரலாம், பாஸ் பண்ணின பாடம் அப்படியே நிக்கும். காலம் முடிஞ்சிருந்தா பழைய பாடத்துல சிலதுக்கு விலக்கு கேட்டு எழுதலாம், கொடுக்கிறதும் விடுறதும் அவங்க முடிவு. வேற பல்கலைக்கழகத்துக்கு கிரெடிட்ட தூக்கிட்டு போறது சட்டகத்துல பேசுற அளவுக்கு நடைமுறையில லேசு இல்ல. சில டிகிரில பாதியில நின்னாலும் சான்றிதழோ டிப்ளோமாவோ வாங்கிட்டு இறங்கலாம், அந்த வழி உங்க படிப்புல இருக்கானு கேளுங்க.

வெட்கத்துலதான் முக்கால்வாசி பேர் திரும்ப போகாம இருக்காங்க. அங்க கவுண்டர்ல இருக்கிறவருக்கு நீங்க அன்னைக்கு வந்த நாப்பதாவது ஆள்.

"நுவரெலியாவுக்கு தனி கோட்டா இருக்காமே, அது எனக்கும் உண்டா?"

அது உள்வாரிக்கு மட்டும். அனேக படிப்புக்கு நூத்துல 40 நாடு பூரா திறமை, 55 மாவட்டம், 5 பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்த பட்டியல்ல நுவரெலியா இருக்கு, பதுளை இருக்கு, இரத்தினபுரி இருக்கு. வெளிவாரிக்கும் திறந்த பல்கலைக்கழகத்துக்கும் இது சம்பந்தமே இல்ல.

இதுல ஒரு சிக்கல் கவனிச்சீங்களா, கோட்டா மாவட்டத்துக்குத்தானே ஒழிய தோட்டத்துக்கு இல்ல. கண்டி மாவட்டத்துலயும் மாத்தளையிலயும் கேகாலையிலயும் லயத்துல இருந்து படிக்கிற பிள்ளைக்கு அந்த 5ல பங்கு கிடையாது, டவுன் பிள்ளைங்களோடதான் போட்டி. தவறிப் போன அந்த பிள்ளைங்கதான் பத்து வருசம் கழிச்சு எங்கிட்ட வந்து இந்த பக்கத்துல உள்ள கேள்வியெல்லாம் கேக்குறாங்க.

"கெம்பஸ்காரங்க நம்ம தோட்டத்துக்கே வந்து ஏதாவது செய்யலாமே?"

வர்றாங்க. ஆராய்ச்சிக்கு கேள்விக்கொத்து எடுத்துட்டு வர்றாங்க, வீட்டுல எத்தனை பேர், கக்கூஸ் இருக்கானு எழுதிட்டு போறாங்க, அந்த ஆராய்ச்சி என்ன ஆச்சுனு நமக்கு யாரும் சொல்றதில்ல. இன்னொரு கூட்டம் பழைய புத்தகம் கொண்டு வந்து கொடுத்து போட்டோ எடுத்துட்டு போகும். எனக்கு கோவம் இல்ல, ஆனா ஒரு பல்கலைக்கழகத்தால இத விட கூட முடியும். சனிக்கிழமை டே ஸ்கூல மாசத்துக்கு ஒருக்கா தோட்ட ஸ்கூல் கட்டடத்துலயே நடத்தலாம், அன்னைக்கு பிள்ளைக்காம்பராவ (தோட்டத்துல பிள்ளைங்கள பார்த்துக்கிற இடத்த) திறந்து வச்சா தாய்மார் வந்து உட்கார முடியும். பரீட்சைத் திகதி போடும்போது நம்ம திருவிழாவையும் ஒரு தடவை பார்க்கலாம். மலையகத்துக்குனு தனி பல்கலைக்கழகம் வேணும்னு ரொம்ப காலமா கேக்குறாங்க, வரட்டும், நல்லது. ஆனா அதுவும் பத்தொன்பது வயசு பிள்ளைங்களுக்கு மட்டும்னு கட்டினா பாதி வேலைதான்.

நாமளும் கேக்கணும். முப்பது பேர் பேரும் கையெழுத்தும் போட்டு "எங்களுக்கு இந்த சான்றிதழ் படிப்ப இங்க நடத்துங்க"னு எழுதி, இடம் நாங்க தர்றோம்னும் சேர்த்து அனுப்பினா பதில் வர வாய்ப்பு இருக்கு. ஒரு ஆள் போய் கேட்டா வெப்சைட்ட பாருங்கனு அனுப்பிடுவாங்க.

"அவரு விட மாட்டேங்குறாரு அக்கா. என்ன சொல்லி கேக்குறது?"

இதுக்கு எங்கிட்ட சட்டகம் இல்ல. எங்க வீட்டுல நடந்தத சொல்றேன். டிகிரினு சொன்னப்ப வேணாம்னாரு, ஆறு மாச இங்கிலிஷ் கிளாஸ்னு சொன்னேன், சரினாரு. அந்த ஆறு மாசத்துல வீடு எரிஞ்சு போகலைனு பார்த்த பிறகு அவரே விண்ணப்பத்த டவுன்ல இருந்து வாங்கிட்டு வந்தாரு. மாமியாருக்கு மட்டும் கடைசி வரைக்கும் நான் எதுக்கு கண்டிக்கு போறேன்னு விளங்கல, ஆனா பிள்ளைய பார்த்துக்கிட்டது அவங்கதான்.

"அசைன்மென்ட சாட்ஜிபிடில போட்டு எழுதினா கண்டுபிடிப்பாங்களா?"

கேட்டது ஒரு தம்பி, பேரு சொல்ல மாட்டேன். கண்டுபிடிக்கிறாங்களோ இல்லையோ, கடைசிப் பரீட்சை மண்டபத்துக்குள்ள போன் கொண்டு போக முடியாது, அங்க பேனாவோட நீங்க மட்டும்தான். அசைன்மென்ட்னு ஒண்ணு வச்சதே அதுக்கு கை பழகத்தான். விளங்காத ஒரு பந்திய லேசா விளக்கச் சொல்லி கேக்குறது வேற, எழுதி வாங்குறது வேற. இன்னொண்ணு, அது எழுதுற தமிழ்ல நம்ம தோட்டத்து உதாரணம் ஒண்ணு கூட இருக்காது, திருத்துறவரு கண்டியில இருந்து வர்ற ஆளு, கொழுந்து பறிக்கிற பொம்பளை "களப்பணியாளர்"னு வந்தா அவருக்கே சிரிப்பு வந்துடும்.